வெள்ளிக் காசின் கறுமை

வீட்டுப் பழம்பெட்டகத்தைத் திறந்து, அதன் அடியில் கிடக்கும் துணி முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருக்கும் வெள்ளிக் காசுகளைக் கையில் எடுப்பவர் கண்ணில் முதலில் படுவது கறுமையே. அடுத்த கணம் அவர் கை புளியையோ சாம்பலையோ பற்பொடியையோ தேடும். வெள்ளி என்றால் வெளுத்திருக்க வேண்டும், கறுத்திருப்பது அழுக்கு, அழுக்கைத் தேய்த்துப் போக்குவது துப்புரவு என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாய் நிலைத்துவிட்ட எண்ணம். பாத்திரத்திற்கு இவ்வெண்ணம் பொருந்தலாம். எழுத்துப் பொறித்த பழங்காசுக்கு இது பொருந்தாது என்பதையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பிறரைக் குறைகூறுமுன் நம் பிழையைச் சொல்லிவிடுவது முறை. நம் உம்மம்மாவிடம் பழைய ரூபாய்க் காசு ஒன்று இருந்தது. தம் தாயார் வழியாகத் தமக்கு வந்தது என்பார்கள். காரைக்காலிலிருந்து வந்த குடும்பம் ஆதலால், 'இது பிரெஞ்சுக்காரன் காசு' என்று சொல்லிச் சொல்லிப் பாதுகாத்தார்கள். காசின் மேல் பாரசீக எழுத்துகள் இருந்தன. காசு முழுவதும் கரும்பழுப்பாய் இருந்தது. 1986ஆம் ஆண்டு மதரஸா விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த நாம், பெருநாளைக்கு முதல் நாள் அதைப் பற்பொடி வைத்து நன்றாகத் தேய்த்தோம். காசு பளபளத்தது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே செய்தோம். ஒருநாள் உம்மம்மா காசைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "கறுத்திருந்தா என்ன வாப்பா, எழுத்து இருந்துச்சே!" என்றார்கள். அப்பேச்சின் கனம் அன்று நமக்கு விளங்கவில்லை. விளங்கிய போது காலம் கடந்திருந்தது.

கறுமை என்பது யாது?

வெள்ளி, தூய காற்றில் இருக்கும் உயிர்வளியால் எளிதில் மாறுவதில்லை. அதனைக் கறுக்கச் செய்வது கந்தகம். காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் கந்தக வாயுக்கள், ஈரத்தின் துணைகொண்டு வெள்ளியின் மேற்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்னும் கூட்டுப்பொருளை உண்டாக்குகின்றன. நிலக்கரிப் புகை, முட்டை, வெங்காயம், கம்பளித் துணி, ரப்பர், சிலவகை அட்டைகள், சாயங்கள் ஆகியவற்றிலிருந்தெல்லாம் இக்கந்தகம் வருகின்றது. முட்டை உண்ட வெள்ளிக் கரண்டி கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

இவ்விடத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய கணக்கொன்று உண்டு. வெள்ளி சல்ஃபைடில் எடைக்கணக்கில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளியே. எஞ்சிய 13 பங்குதான் கந்தகம். ஆகவே, காசின் மேல் தோன்றும் கறுமை வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசி அன்று. காசின் மேல்தோலே கந்தகத்தோடு கலந்து நிறம் மாறி நிற்கின்றது. அதனைத் தேய்த்து எடுப்பவர் அழுக்கை எடுப்பதாக எண்ணிக் கொண்டு வெள்ளியையே எடுத்து எறிகின்றார். ஒவ்வொரு முறை தேய்க்கும் போதும் ஒரு தோல் போகின்றது, புதிதாய் வெளிப்பட்ட வெள்ளி மறுபடியும் கறுக்கின்றது, மறுபடியும் தேய்க்கின்றோம். இறுதியில் எஞ்சுவது எழுத்தில்லாத வெள்ளித் தகடு.

இதற்கு மாறாக, காசைத் தொடாமல் விட்டால் இக்கறுமையே வாசிப்பவனுக்குத் துணை நிற்கும். மேடான எழுத்துகள் கைபட்டுச் சற்று வெளுத்திருக்க, பள்ளமான இடங்களில் கறுமை தங்கி நிற்கும். தாளில் மை கொண்டு எழுதியது போல் எழுத்தும் தளமும் பிரிந்து தெரியும். பளபளவென்று துலக்கிய காசிலோ எல்லாப் பக்கமும் ஒளி சிதறுவதால், இருக்கின்ற எழுத்தும் கண்ணுக்குப் பிடிபடாமல் நழுவும்.

நான்கு பற்களின் கதை

எழுத்துப் போனால் என்ன நேரும் என்பதை விளக்க, இஸ்லாமிய நாணய வரலாற்றின் தொடக்கத்திற்குச் செல்வோம்.

ஈராக்கையும் ஈரானையும் வென்ற முஸ்லிம்கள், முதலில் அங்கு வழங்கிய ஸாஸானிய வெள்ளிக் காசுகளையே ஏற்றுக் கொண்டனர். பாரசீக மன்னரின் உருவமும் நெருப்புப் பீடமும் அவற்றில் அப்படியே இருக்க, ஓரத்தில் மட்டும் 'பிஸ்மில்லாஹ்' போன்ற அரபுச் சொற்கள் சேர்க்கப்பட்டன. உமய்யாக் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் இந்நிலையை மாற்றினார். ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) உருவமே இல்லாத, எழுத்து மட்டுமே கொண்ட பொற்காசை வெளியிட்டார். ஹிஜ்ரி 79இல் (கி.பி. 698-99) அவ்வகை வெள்ளி திர்ஹம்கள் பல ஊர்களில் பெருவாரியாக அடிக்கப்பட்டன. ஒருபுறம் நடுவில் ஏகத்துவ வாசகம். அதைச் சுற்றிக் காசு அடிக்கப்பட்ட ஊரும் ஆண்டும். மறுபுறம் நடுவில் இக்லாஸ் அத்தியாயத்தின் சொற்கள். சுற்றிலும் நபித்துவத்தைச் சாற்றும் திருவசனம். திருவசனம் பொறித்த காசைத் தூய்மையற்றவர் தொட நேருமே என்று அக்கால அறிஞர் சிலர் வருந்தியதையும் நூல்களில் காண்கிறோம். பிற்காலத்தில் முகலாயப் பேரரசர் அவுரங்கசீப் தம் காசுகளில் கலிமாவைப் பொறிக்காமல் விட்டதற்கும் இத்தகைய பேணுதலே காரணமாகச் சொல்லப்படுகின்றது.

இந்த உமய்யா திர்ஹம்களில் கலீஃபாவின் பெயர் இல்லை. எனவே காசு எவருடைய ஆட்சியில் பிறந்தது என்பதை ஆண்டைக் கொண்டே அறிய வேண்டும். ஆண்டோ எண்ணால் எழுதப்படவில்லை, சொல்லால் எழுதப்பட்டது. அதுவும் புள்ளியிடாத கூஃபி எழுத்தில்.

அரபு எழுத்தறிந்தவர்கள் இதன் சிக்கலை உடனே உணர்வர். ஏழு என்பதற்கு அரபியில் 'ஸப்உ': ஸீன், பா, ஐன். ஒன்பது என்பதற்குத் 'திஸ்உ': தா, ஸீன், ஐன். புள்ளியை எடுத்துவிட்டால் பாவும் தாவும் ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் ஒரு பல். ஸீனுக்கு மூன்று பற்கள். ஆக, ஏழிலும் நான்கு பற்கள், ஒன்பதிலும் நான்கு பற்கள். இரண்டின் முடிவிலும் ஐன். ஏழில் தனிப் பல் மூன்றுக்குப் பின் நிற்கும். ஒன்பதில் மூன்றுக்கு முன் நிற்கும். அவ்வளவே வேறுபாடு. எழுபது, தொண்ணூறு என்னும் சொற்களிலும் இதே நிலைதான். அச்சு வெட்டிய கலைஞர் சிலர் இவ்விடரை உணர்ந்து, தனிப் பல்லை மற்றவற்றைவிடச் சற்றே உயர்த்தி வெட்டினர். அந்த உயரம் கூர்ந்து நோக்கினாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத அளவினது.

திமிஷ்கு நகரில் அடித்த திர்ஹம் ஒன்று கிடைக்கின்றது என்று வைத்துக் கொள்வோம். அந்நகரில் 79இலும் காசு அடித்தனர், 97இலும் அடித்தனர். 79 என்றால் தந்தை அப்துல் மலிக்கின் ஆட்சி, நாணயச் சீர்திருத்தத்தின் முதற் பருவம். 97 என்றால் மகன் ஸுலைமானின் ஆட்சி. இடையே பதினெட்டு ஆண்டுகள். அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு பல்லின் உயரம். இரண்டு மூன்று முறை சாம்பலிட்டுத் தேய்த்தால் நான்கு பற்களும் சமமாகிவிடும். பிறகு தந்தையின் காசா, மகனின் காசா என்று அந்தக் காசால் எளிதில் சொல்ல இயலாது.

வேறு சான்றுகள் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. வாஸித் நகரில் அடித்தது என்று ஊர்ப்பெயர் தெளிவாய் இருந்தால், ஆண்டு 79 ஆக இருக்க இயலாது. ஏனெனில் அந்நகரை ஹஜ்ஜாஜ் அமைத்ததே அதற்குப் பின்னர்தான். அவ்வூர்ப் பெயரும் காசின் விளிம்போரத்தில்தான் இருக்கின்றது. தேய்ப்பவர் விரல் மிகுதியாய் அழுந்துவதும் அவ்விடத்திலேயே என்பதை மறக்கலாகாது.

எடையும் ஒரு சான்றே

எழுத்தைப் போன்றே எடையும் காசின் வாக்குமூலம். வெள்ளிக்கு ஸகாத் கடமையாகும் அளவு 200 திர்ஹம் என்பது நம் சிறாரும் ஓதும் பாடம். அந்தத் திர்ஹம் இன்றைய நிறையில் எவ்வளவு?

பத்துத் திர்ஹத்தின் எடை ஏழு மித்கால் என்பது நூல்கள் கூறும் விகிதம். மித்காலின் எடையை அறிய, நூல்களோடு அருங்காட்சியகங்களில் பேணப்பட்ட பழைய தீனார்களையும் நிறுத்துப் பார்த்தனர். பொன் கறுப்பதில்லை, தேய்த்துத் துலக்க வேண்டிய தேவையும் அதற்கு எழுவதில்லை. ஆதலால் நல்ல நிலையில் உள்ள தீனார்கள் 4.25 கிராம் என்னும் அளவைத் தெளிவாகக் காட்டின. அதில் பத்தில் ஏழு பங்கு 2.975 கிராம். 200 திர்ஹம் 595 கிராம். யூசுஃப் அல்கர்ளாவி ஸகாத்தைப் பற்றி எழுதிய பெருநூலில் இக்கணக்கையே மேற்கொண்டுள்ளார். நம் துணைக்கண்டத்து ஹனஃபி அறிஞர் பலர் 52½ தோலா என்னும் கணக்கைச் சொல்வர். அது 612.36 கிராம். எதனைப் பின்பற்றுவது என்பது ஃபிக்ஹு வல்லுநர் கூற வேண்டியது. ஈண்டு நாம் அதனுள் புகவில்லை. பழங்காசு ஒன்றைத் தராசிலிட்டுப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கன்று, மார்க்கக் கடமையின் அளவையே தெளிவுபடுத்திய ஆய்வு அது என்பதைச் சுட்டவே இதைக் கூறினோம். தேய்த்துக் குறைத்த திர்ஹம், அத்தராசில் பொய் சொல்லும்.

வெள்ளிக் காசின் உண்மையை நீரிலிட்டு நிறுத்து அறியும் முறையும் நம் முன்னோர் வளர்த்த கலையே. உலோகங்களின் ஒப்படர்த்தியை அல்பிரூனி நுட்பமாக அளந்தார். அல்காஸினீ கி.பி. 1121-22இல் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' அக்கலையை விரிவாகப் பேசுகின்றது. தூய வெள்ளியின் ஒப்படர்த்தி 10.5, செம்பின் ஒப்படர்த்தி 8.9. கறுமையைச் சுரண்டி உள்ளே வெள்ளிதானா என்று பார்ப்பவர்கள், காசைக் காயப்படுத்தாமலே அதை அறியும் வழி 900 ஆண்டுகளாகக் கைவசம் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திர்ஹத்திலிருந்து ரூபாய்க்கு

நம் வீடுகளில் உமய்யா திர்ஹம் இருப்பது அரிது. பெரும்பாலும் இருப்பவை ரூபாய்க் காசுகளே. கி.பி. 1545இல் மறைந்த ஷேர்ஷா ஸூர் நிலைப்படுத்திய வெள்ளி ரூபாயை முகலாயர் தொடர்ந்து வெளியிட்டனர். அக்பரின் நாணயச்சாலையில் பணிபுரிந்தோரை அபுல் ஃபஸ்ல் தம் 'ஆயினே அக்பரி'யில் வரிசைப்படுத்துகையில், காசின் மாற்றைச் சோதிக்கும் 'ஸைரஃபீ'யையும் குறிப்பிடுகின்றார். 'ஸர்ராஃப்' என்னும் அரபுச் சொல்லும் இதே வேரில் பிறந்தது. அதுவே தமிழில் 'சராப்' ஆயிற்று. அச்சைக் குறிக்கும் 'ஸிக்கா' என்னும் அரபுச் சொல், 'சிக்கா ரூபாய்' என்று நம் பத்திரங்களில் இடம்பெற்றது. முகலாய ரூபாய்களின் மேல் காணும் சிறு சிறு முத்திரைக் குத்துகள், கைமாறிய இடங்களில் சராப்புகள் இட்ட சோதனைக் குறிகள். அக்குறிகளின் பள்ளத்தில் தங்கிய கறுமையும் பழமைக்குச் சான்றாகும்.

தமிழ்நாட்டில் பெரிதும் வழங்கியது ஆற்காட்டு ரூபாய். ஆற்காட்டு நவாபின் இசைவு பெற்று, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் சென்னையில் ஆங்கிலேயரும் இதனை அடித்தனர். மூவர் காசிலும் முகலாயப் பேரரசரின் பெயரே பாரசீக எழுத்தில் இருக்கும்; ஊர்ப்பெயரும் ஆற்காடு என்றே இருக்கும். ஆங்கிலேயர் சென்னையில் அடித்த காசுகளிலோ, இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 (கி.பி. 1758-59) என்னும் ஆண்டும் மாறாமல் நின்றுவிட்டன, பல்லாண்டுகள் கழித்து அடித்த காசிலும் அதே ஆண்டுதான். இந்நிலையில் யார் அடித்த காசு என்பதைக் காட்டிக் கொடுப்பது ஒரு சிறு குறி. புதுச்சேரிக் காசில் பிறை. சென்னைக் காசு சிலவற்றில் தாமரை. அக்குறி அரிசியளவே இருக்கும்.

1835இல் கும்பெனியார் ஒரே சீரான ரூபாயைக் கொண்டுவந்தனர். எடை 180 ஆங்கிலக் கிரெயின், அதாவது 11.66 கிராம். அதுவே ஒரு தோலா. ஆகையால் 52½ தோலா என்பது ஐம்பத்திரண்டரை ரூபாய்க் காசின் எடை என்று நம் பாட்டன்மார் எளிதில் கணக்கிட்டனர். இக்காசில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடாகச் சேர்க்கப்பட்டன. 1947இல் வெள்ளி அறவே நீங்கி ரூபாய் நிக்கலாயிற்று. ஒரே முடிச்சில் கிடக்கும் விக்டோரியா ரூபாயும் 1942ஆம் ஆண்டு ரூபாயும் ஒன்றுபோல் கறுக்காமைக்குக் காரணம் இதுவே.

கறுமையை இனங்காணல்

காசின் மேல் காண்பன யாவும் ஒரே வகையின அல்ல. இனங்கண்ட பின்னரே எதுவும் செய்ய வேண்டும். முக்கியமானவை ஐந்து.

முதலாவது, இதுவரை நாம் பேசிய சல்ஃபைடுப் படலம். இது மெல்லியது, வழவழப்பானது, இதன் கீழே எழுத்தின் விளிம்புகள் கூர்மையாகவே தெரியும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பொன்பழுப்பு, செம்மை, நீலம், இறுதியில் சாம்பல் கலந்த கறுப்பு. நீர்மேல் மிதக்கும் எண்ணெயில் வண்ணம் தோன்றுவதும் இதே ஒளி விந்தையால்தான். இயற்கையாய்ப் படிந்த காசில் இவ்வண்ணங்கள் பெரும்பாலும் விளிம்பிலிருந்து நடுநோக்கிப் படிப்படியாய்ச் செல்லும்.

இரண்டாவது, வெறும் அழுக்கு. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கைவியர்வையும் சேர்ந்தது. இது திட்டுத்திட்டாய், எழுத்தின் மூலைகளில் அப்பியிருக்கும். மெய்யாகவே இதுதான் அழுக்கு, இதனை நீக்கலாம்.

மூன்றாவது, உப்பு மண்ணில் புதைந்து கிடந்த காசில் காண்பது. மண்ணிலுள்ள உப்பு வெள்ளியோடு கூடி வெள்ளி குளோரைடாகின்றது. இது தடித்த மேலோடாய், சாம்பல் அல்லது ஊதா நிறமாய், மெழுகைப் போல மென்மையாய் இருக்கும். தோற்றம் கருதி இதனைக் 'கொம்பு வெள்ளி' என்பர். இதிலும் நான்கில் மூன்று பங்கு வெள்ளியே. சில வேளைகளில் எழுத்து முழுவதும் இவ்வோட்டுக்குள் தங்கியிருக்கும்; அடியில் உள்ள உலோகத்தில் இராது. ஓட்டை உடைத்தால் எழுத்தும் உடன் போகும். கடற்கரை ஊர்களில் வாழும் நாம் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நான்காவது, பச்சை. வெள்ளியில் கலந்த செம்பு வெளிப்பட்டுக் களிம்பேறுவதால் இது உண்டாகும். 1940க்குப் பிந்திய ரூபாய்களில் பழுப்பும் பச்சையும் மிகுந்திருப்பது இதனால். பச்சை நிறம் பிசுபிசுப்பாய் இருந்தால், காசை வைத்திருந்த நெகிழி உறையே அதற்குக் காரணமாதல் கூடும்.

ஐந்தாவது, கள்ளக் கறுமை. தேய்த்துக் கெடுத்த காசையும் போலிக் காசையும் பழமையாகக் காட்டுவதற்கென்று கந்தக மருந்திட்டும் புகையூட்டியும் கறுக்கச் செய்கின்றனர். இதில் மேடும் பள்ளமும் ஒரே கறுப்பாய் இருக்கும். அல்லது வண்ணங்கள் வரிசையின்றித் திடீரெனத் தொடங்கித் திடீரென முடியும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், கறுமையின் கீழே தேய்த்த கீறல்கள் இணைகோடுகளாய்த் தெரிவதுண்டு. ஆனால் கீறல் கண்ட மாத்திரத்தில் போலி என்று தீர்த்துவிடுதல் கூடாது. மெய்யான காசையே முன்னொரு காலத்தில் யாரோ தேய்த்து, அது மீண்டும் இயல்பாய்க் கறுத்திருக்கலாம். எடை, ஒப்படர்த்தி, எழுத்தின் வடிவம் ஆகிய மூன்றையும் சேர்த்தே முடிவு காண வேண்டும்.

கையாளும் முறை

காசை எடுக்கும் போது விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும். கை கழுவி நன்கு உலர்ந்திருக்க வேண்டும். மேசையில் மெத்தென்ற துணி விரித்து, அதன்மேல் தாழப் பிடித்துப் பார்க்க வேண்டும், நழுவினாலும் அடிபடாது. காசின் நேரே பேசுதல் ஆகாது. தெறிக்கும் எச்சில் துளி பின்னாளில் கரும்புள்ளியாகும்.

முதற்பணி, வாசித்தலும் பதிதலும். ஒரு பக்கமாய்ச் சாய்ந்து விழும் விளக்கொளியில் காசை மெல்லத் திருப்பினால், கறுத்த காசிலும் எழுத்து நிழலெழும்பி நிற்கும். இரு பக்கமும் படம் எடுத்துக் கொள்க. எடையையும் குறுக்களவையும் குறித்துக் கொள்க. காசு யாரிடமிருந்து வந்தது, வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதி வைத்துக் கொள்க. பெரியவர் ஒருவர் மறையும் போது இச்செய்தியும் உடன் மறைகின்றது, அதற்கு மருந்தில்லை.

அழுக்கு மட்டுமே இருந்தால், காய்ச்சி வடித்த நீரில் காசைச் சிறிது நேரம் ஊறவிட்டு, தேய்க்காமல் மென்துணியால் ஒற்றி உலர்த்தலாம். பிசுக்கும் நெகிழிப் பச்சையும் அசிட்டோனில் கரையும்; அது வெள்ளியையோ சல்ஃபைடுப் படலத்தையோ தாக்குவதில்லை. எளிதில் தீப்பற்றும் பொருளாகையால் அடுப்பங்கரையில் அதைத் திறக்கலாகாது.

புளியும் எலுமிச்சையும் புளிப்பினால் செம்பைக் கரைத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். சாம்பலும் பற்பொடியும் அரத்தின் வேலையைச் செய்யும். கடைகளில் விற்கும் துலக்கு மருந்துகள் கறுமையைக் கரைக்கையில், அதனுள்ளிருந்த வெள்ளியையும் கொண்டு போகும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீரில் இட்டால் கந்தகம் அலுமினியத்திற்குச் சென்று, வெள்ளி காசிலேயே தங்கும் என்பது மெய்தான். ஆயினும் அவ்வாறு மீளும் வெள்ளி, பழைய தளமாய் அமையாமல் மங்கிய நுண்துளைப் படிவாய் அமையும். பாத்திரத்திற்கு ஆகட்டும், காசுக்கு வேண்டா.

'கறுமையை எடுக்காமல் எழுத்தையே காண முடியாத காசை என்ன செய்வது?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அருங்காட்சியகங்களிலும் புதையற் காசுகளைத் தூய்மை செய்யவே செய்கின்றனர். ஆனால் அங்கு முதலில் ஆராய்கின்றனர். பின்னர் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே நீக்குகின்றனர். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவும் வேதியியல் பாதுகாப்புப் பிரிவும் உள்ளன. ஐயமுள்ள காசை அத்தகையோரிடம் காட்டுதல் நலம். நிலத்தை அகழ்கையில் புதையலாய்க் காசுகள் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அவற்றைக் கழுவிப் பிரிக்காமல் கிடைத்தவாறே ஒப்படைப்பது அறிவுக்கும் உதவியாகும். காசுகள் முடிந்து வைக்கப்பட்ட துணியின் நெசவுத் தடம் அக்கறுத்த மேலோட்டில் பதிந்து எஞ்சுவதுண்டு. கழுவியவர் கையில் அது கரைந்து போகும்.

சேமிப்பதற்கு ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் செய்தித்தாளும் ஆகா. பி.வி.சி. எனப்படும் மென்னெகிழி உறையும் ஆகாது. அமிலமற்ற தாளுறை அல்லது பாலியெஸ்டர் உறை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு காசு, அருகில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், அடுப்புப் புகை எட்டாத உலர்ந்த இடம். இவ்வளவு போதும். உறையின் மேல் எழுத வேண்டியதைக் காசை உள்ளே இடுமுன் எழுதிவிட வேண்டும்.

முடிவாக

சில ஆண்டுகளுக்கு முன் நாணயம் அறிந்த நண்பர் ஒருவரிடம் உம்மம்மாவின் காசைக் காட்டினோம். அவர் அதை விளக்கருகே நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆற்காட்டு ரூபாய் என்றார். அடுத்து, "பிறை இருந்ததா, தாமரை இருந்ததா? உங்களுக்கு நினைவுண்டா?" என்று கேட்டார். குறி இருக்க வேண்டிய இடம் வழவழவென்றிருந்தது. பிறை இருந்திருந்தால் அது புதுச்சேரிக் காசு. உம்மம்மாவும் அவர்களின் தாயாரும் சொல்லிவந்த சொல் மெய்யென்று காசே எழுந்து சாட்சி சொல்லியிருக்கும். அந்தச் சாட்சியின் வாயை அடைத்தது நம் கை.

உம்மம்மா இன்று இல்லை. காசு இருக்கின்றது. இத்தனை ஆண்டுகளில் அது மீண்டும் மெல்லப் பொன்பழுப்பாகி, விளிம்பில் நீலம் படர்ந்து, நடுநோக்கிக் கறுத்து வருகின்றது. அக்கறுமையின் கீழே நாம் இட்ட கீறல்கள் தெளிவாய்த் தெரிகின்றன. தாளுறையின் மேல் எடையை எழுதி, 'காரைக்கால் குடும்பத்துக் காசு, பிரெஞ்சுக்காரர் காசு என்பது உம்மம்மாவின் வாக்கு, குறி தேய்ந்தது, தேய்த்தது நாம்' என்று குறித்து வைத்துள்ளோம். வாசகர்கள் தம் வீட்டு முடிச்சை அவிழ்க்கும் நாளில் புளியை ஒதுக்கிவைத்து, முதலில் விளக்கைக் கொண்டுவரச் சொல்வார்களாயின், நம் பிழையும் ஒரு பயன் தந்ததாய் ஆறுதல் கொள்வோம்.